திங்கட்கிழமை நகைகள்

செட்டியார் தெரு அடகுக் கடையில்
பதினொரு வருஷமாய் நகை உரைக்கிறேன்.
கறுப்புக் கல், நாலு சின்னப் போத்தலில் அமிலம்,
தராசு, பற்றுச்சீட்டுப் புத்தகம்.
வேறு படிப்பு இல்லை.

பள்ளிக்கூடம் தொடங்கும்போது நகை வரும்.
வருஷப் பிறப்புக்கு வரும்.
ஏஜென்சிக்குக் காசு கட்ட வரும்.
அதெல்லாம் எங்கள் கணக்குக்குள்.
போன ஆவணி தொடங்கி
திங்கட்கிழமைகளில் வரத் தொடங்கின,
கடை திறக்க முன்னமே வாசலில்,
கழுத்துச் சூடு ஆறாமல்.

"எதுக்கு அக்கா?"
"விதைக்க."

விதை என்றால் நெல் என்றிருந்தேன்.
ஆமர் வீதியில் டயர்க் கடைக்கு மேல்மாடியில்,
ஏசி போட்ட மண்டபத்தில்,
அப்போஸ்தலர் கிளேட்டனின் காலடியில்
அது ஒரு கடித உறை.
மேலே பெயர், தொகை,
பதிலுக்கு வேண்டியது:
விசா, வீடு, பிள்ளை.

நானும் போனேன், ஒளிப்பானேன்.
மூன்று ஞாயிறு.
கீபோர்ட் அழுதது, கூடவே நானும்.
என் பக்கம் விரல் நீட்டி
"வெளிநாட்டுக் கதவொன்று திறக்குது" என்றார்.
கொழும்பில் யாருக்கு அந்தக் கதவு இல்லை?
என்றாலும்
ஆமென் சொன்ன வாய் என்னுடையதுதான்.

மூன்றாம் ஞாயிறு பிரான்சிஸ்கா எழும்பினாள்.
ஜம்பட்டா வீதியில் இடியப்பம் அவித்து விற்கிறவள்.
கையில் வேதம், விரல் ஒரு பக்கத்துக்குள்.
"ஐயா, நீங்கள் வாசிச்ச வசனத்துக்கு
அடுத்ததையும் வாசிப்பீங்களா?"
அவ்வளவுதான்.
கீபோர்ட் நின்றது.
"சந்தேகத்தின் ஆவி" என்றார் அவர், சிரித்தபடி.
இரண்டு பொடியன்கள் அவளை
மெதுவாக, மிக மரியாதையாக,
படிக்கட்டு வரை கூட்டிப்போனார்கள்.
போகும்போது என்னைப் பார்த்தாள்.
நான் பாட்டுத்தாளைப் பார்த்தேன்.

கடையில் எனக்கொரு வழக்கம்:
கல்லை எடுத்ததுமே
"என்ன, நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பவரின்
சங்கிலியை இரண்டு தரம் உரைப்பேன்.
பொன் இதுவரை என்னோடு கோபித்ததில்லை.
வாயால் சொல்வதும் உரைப்பது,
கல்லில் தேய்ப்பதும் உரைப்பது.
ஒன்றுக்குச் சம்பளம் வாங்குகிறவர்
மற்றதற்கு ஏன் முகம் சுழிக்கிறார்?

இது எனக்கு விளங்கிய நேரம்
பங்குனி ஆகிவிட்டது.
சில்வெஸ்டர் அண்ணனின் மனைவி
தோட்டைக் கழற்றி வைத்தாள்.
மேடையில் அவருக்குச் சீனி வியாதி சுகமாயிருந்தது.
குளிசையை விடச் சொன்னதும் மேடைதான்.
இப்போது பெருவிரல் கறுத்துவிட்டது.
"இந்த முறை விதைக்க இல்லை, தங்கச்சி,
பெரியாஸ்பத்திரிக்கு."
வலது தோடு ஒரு கிராம் எண்பது.
இடதும் அப்படியே.

வார்டுக்கு மேடையிலிருந்து யாரும் வரவில்லை.
ஒரு கறுத்த வாகனம்
ஆமர் வீதியில் புதிதாய் நின்றது.
கனியைப் பார்க்கச் சொன்னவர்
பதாகையைப் பார்க்கச் சொல்லவில்லையே.
படிக்கட்டால் இறக்கப்பட்டவள்தான்
சொதி கொண்டு வந்தாள், மூன்று கிழமை,
பஸ்ஸில், மூடியைப் பொத்திப் பிடித்தபடி.

ஓநாய் என்று அவரைத் திட்டுவது சுகம்.
திட்டிக்கொண்டே புத்தகத்தைப் புரட்டினேன்.
அந்தத் திங்கள்களின் பற்றுச்சீட்டுகளில்
எல்லாம் என் கையெழுத்து.
அவர் விதைக்கச் சொன்னார்.
நாங்கள் வட்டி அறுத்தோம்.

சனிக்கிழமை ஜம்பட்டா வீதிக்குப் போனேன்.
அன்றைக்கு முகம் திருப்பியதைச் சொன்னேன்.
பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை.
ஆவியைத் துடைத்த கையால்
வேதத்தை என் பக்கம் தள்ளினாள்.
"நான் சொல்றதையும் அப்படியே நம்பாதே.
கண்ணாடியை எங்கேயோ வைச்சிட்டன்.
நீ வாசி."

வாசித்தேன்.
"அடுத்தது" என்றாள்.
அதற்கும் அடுத்தது.
இடியப்பத்துக்கு வந்தவர்கள்
தட்டுகளோடு காத்து நின்றார்கள்.